ஷட்டர்

இரவு டேட்டா பன்னிரண்டுக்குத் தொடங்கும்,
விடிய ஆறுக்குச் செத்துப்போகும்.
அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

பகலெல்லாம் மற்றவர்களின் போன்களைத் திறக்கிறவள் நான்.
என்.சி. வீதியில், ஃபாயிஸ் நானாவின் கடையில்,
கடல்மணல் புகுந்த சார்ஜ் ஓட்டையை
ஊசியால் கிண்டுகிறவள்.
இரவில்தான் என்னுடையதைத் திறப்பேன்.
உடைந்த கண்ணாடி. மாற்ற நேரமில்லை.

முதலில் ஊரறிந்த குரல்கள் வந்தன.
கார், கறுப்புக் கண்ணாடி, சங்கிலி.
தள்ளிவிட்டேன்.
தள்ளத் தள்ளக் கேட்டவர்களின் எண்ணிக்கை
லட்சத்திலிருந்து ஆயிரத்துக்கு இறங்கியது,
பிறகு நூறுக்கு.
கிணறு இறைக்கிற மாதிரி. அடியில்தான் ஊற்று.

மஸ்கெலியாவில் ஒருத்தி,
கொழுந்து நிறுக்கிற தராசு பொய் சொல்வதைப் பற்றி
மூன்று நிமிடம், மூச்சு விடாமல்.
சம்மாந்துறையில் இரண்டு பேர், ஒரே மைக்.
ஒருவன் சொல்லும்போது மற்றவன் இருமுகிறான்.
அதையும் வெட்டவில்லை.

பிறகு ஒரு வியாழன், மூன்று மணிக்கு,
கணவாய்.
பெயரே அதுதான். முகமில்லை, கறுப்புச் சதுரம்.
மையைக் கக்கிவிட்டு மறைகிற பிறவி.
நாற்பத்தொரு பேர் கேட்டிருந்தார்கள்.

"ஆழமான துறைமுகமாம், அளந்து அளந்து சொல்லுறாங்க,
என்ர காற்சட்டைப் பையும் ஆழம், ஆரு வந்து அளந்தாங்க?
மானுக்கு றோட்டுச் சொந்தம், மனிசனுக்கு வாடகை,
மாசம் பிறக்க முதல் கதவில தட்டுது ஒரு கை."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
திருமலை என்றால் கோயிலும் கடலுமாகத்தான் பாடுவார்கள்.
வாடகையை இங்கே யாரும் பாடி நான் கேட்டதில்லை.
விதுர்ஷாவுக்கு அனுப்பினேன்.
"என்னடி, ஆரோட சண்டை பிடிக்கிறான்?"
அவ்வளவுதான் பதில்.

பதினோராம் தடவை, வரியை விட்டுவிட்டு
வரிக்குப் பின்னால் கேட்டது காது.
இரண்டாம் நிமிடம், பதினேழாவது நொடி.
கர்ர். நின்று, கர்ர். நின்று,
ஓர் உதை. தடால்.

அது எனக்குத் தெரியும்.
இடது தண்டவாளத்தில் துருப்பிடித்த இடம்,
காலால் உதைக்காமல் இறங்காது.
உதைத்தது என் கால்.

அப்படியென்றால் இங்கேதான்,
நான் கடை பூட்டுகிற ஏழரைக்கு, காதெட்டும் தூரத்தில்.
எதிர் லொட்ஜின் மேல்மாடியா?
பேக்கரியில் மா மூட்டை இறக்குகிற ஒல்லிப் பெடியனா?
அவன் முணுமுணுப்பான், கண்டிருக்கிறேன்.
ஆனால் மூட்டை எண்ணுகிறவர்களும் முணுமுணுப்பார்கள்.

போய்க் கேட்கவில்லை.
முகத்தை மறைத்தவனிடம் முகம் கேட்பது என்ன மரியாதை?
அடுத்த நாள் ஷட்டரைக் கொஞ்சம் நிதானமாக இறக்கினேன்.
கர்ர். கர்ர். இடைவெளி. உதை.
அதற்கடுத்த நாள் இரண்டு உதை.
குப்பைத் தொட்டியடியில் பேப்பர் தின்ற மான்
தலை நிமிர்த்திப் பார்த்தது.
வேறு யாரும் இல்லை.

ஆவணியில் புதுப் பாட்டு வந்தது.
ஒரே கிழமையில் மூவாயிரம் பேர்.
நல்ல மைக் வாங்கிவிட்டான் போல,
ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்து அடுக்கியதாய்.
வரிகள் இன்னும் கூர்.
சந்தோஷம்தான், உண்மையாக.
ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தேடினேன்.
பஸ் இல்லை, மழை இல்லை,
ஷட்டர் இல்லை.

பழையதற்குத் திரும்பிப் போனேன்.
இப்போது அதற்கும் எழுநூறு பேர்.
டொரன்டோவில் யாரோ, லண்டனில் யாரோ,
எழுநூறு பேரின் காதுக்குள்
என் கால் உதைக்கிறது.

"அந்தத் தண்டவாளத்துக்கு எண்ணெய் விடு பிள்ளை,
அக்கம்பக்கத்துச் சனம் முறைக்குது" என்கிறார் நானா.
சரி நானா என்கிறேன்.
எண்ணெய்ப் போத்தல் மேசைக்குக் கீழேதான் இருக்கிறது.